வாரியம் முதல் வார்டு வரை: சென்னையின் நீரும் குடிகளும்

சென்னை தட்டையான ஊர். வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு என மூன்று ஆறுகள் கடலில் சேரும் தாழ்நிலத்தில் அது பரந்து கிடக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை உண்டு. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில நாள்களுக்குள், கொட்டித் தீர்ந்துவிடும். கூடுதலாகப் பெய்தால் வெள்ளம், பொய்த்தால் பஞ்சம் என்பது இந்த நிலத்தின் இயல்பு. இங்கே குடியிருந்தவர்கள் இரண்டையும் ஒரே ஏற்பாட்டால் சமாளித்தார்கள். மூன்று மாத மழையை ஏரிகளில் தேக்கி மீதி ஒன்பது மாதத்துக்கு வைத்துக்கொள்வதே அந்த ஏற்பாடு.

காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் நகரத் திட்டங்களில் குடியிருப்போரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. சென்னையிலும் அதைச் சுற்றிய தொண்டை மண்டலத்திலும் இதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட முன்வரலாறு உண்டு. அந்த வரலாறு நெடுகிலும் மக்களின் உழைப்பு விடுபட்டதே இல்லை. முடிவெடுக்கும் இடத்தில் யார் அமர்ந்தார்கள் என்பதுதான் காலந்தோறும் மாறியது.

ஏரியும் ஊரும்

தொண்டை மண்டலத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பாலாற்றிலும் மழைக்காலத்தில் மட்டுமே வெள்ளம் பார்க்கலாம். அதனால் மேற்கிலிருந்து கிழக்காகச் சரியும் நிலத்தில் குறுக்கே மண்கரை எழுப்பி ஏரிகள் அமைக்கப்பட்டன. ஓர் ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கலங்கல் வழியே வழிந்து கீழுள்ள அடுத்த ஏரியைச் சேரும். இப்படித் தொடராக இறங்கி, கடைசி ஏரியின் உபரி ஆற்றிலோ சதுப்பு நிலத்திலோ போய் முடியும். பல்லவர் காலத்திலும் சோழர் காலத்திலும் பெருகிய இந்த ஏரித் தொடர்களால்தான் செங்கற்பட்டு வட்டாரம் ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்றது.

கலங்கலை மட்டும் எடுத்துக்கொண்டாலே இந்த ஏற்பாட்டின் நுட்பம் விளங்கும். கரையின் ஓரிடத்தில் கல்லால் கட்டிய தாழ்வான பகுதி அது. அதன் மட்டம் ஒரு சாண் உயர்ந்தால் ஏரிக்கு மேற்புறம் உள்ள வயல்கள் மூழ்கும். ஒரு சாண் தாழ்ந்தால் ஏரி நீர் பாயும் வயல்பரப்பான ஆயக்கட்டின் கடைமடை காயும். கலங்கலின் மேல் வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் புல்லும் அடைத்து நீர்மட்டத்தைச் சற்றே உயர்த்துவார்கள். அடைப்பதைச் சில நாள் முந்திச் செய்தால் அடுத்த பெருமழையில் கரை உடையும் அபாயம் உண்டு. பிந்திச் செய்தால் தேங்கவேண்டிய நீர் கீழே போய்விடும். எந்த நாளில் அடைப்பது, எவ்வளவு உயர்த்துவது என்பதில் மேல் ஊர், கீழ் ஊர் இரண்டுக்கும் அக்கறை இருந்தது. ஆகவே பேசி முடிவெடுக்க ஓர் இடம் தேவைப்பட்டது.

அந்த இடத்துக்குத் தொண்டை மண்டலத்தின் உத்திரமேரூர் நல்ல சான்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபை தன் குழுக்களான வாரியங்களை, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதத்தை விரிவாகச் சொல்கின்றன. ஊர் குடும்பு எனப்படும் 30 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவர் வீதம் தேர்வானவர்களில் 12 பேர் ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றார்கள். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினரும் மறுபடி பெயர் எழுதப்படத் தகுதி இழந்தார்கள். கரையைப் பலப்படுத்தவும் வண்டல் எடுக்கவும் நிலமும் பொன்னும் ஒதுக்கப்பட்ட செய்திகள் தமிழகக் கல்வெட்டுகள் பலவற்றில் காணப்படுகின்றன.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று கொண்டாடுவதற்குமுன், யார் உள்ளே, யார் வெளியே என்றும் பார்க்க வேண்டும். உத்திரமேரூர் பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊர். வாரியத்தில் அமர வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருக்க வேண்டும், வேதம் பயின்றிருக்க வேண்டும். பெண்களுக்கும் நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் அங்கே இடமில்லை. பிற்காலத்திலும் மதகைத் திறந்து மூடி, இரவிலும் கரையைக் காத்து, ஒவ்வொரு வயலுக்கும் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளும் கம்புகட்டிகளும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களே. ஏரியை நன்கு அறிந்த அவர்களுக்கு அறுவடையில் தானியப் பங்கு கிடைத்தது. சபையில் இடம் கிடைக்கவில்லை.

சட்டமாகிய உழைப்பு

கரை பழுதுபார்த்தல், வாய்க்கால் தூர்வாருதல் ஆகிய வேலைகளை ஊரார் கூடிச் செய்யும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் போர்களும் பஞ்சங்களும் இந்த வழக்கத்தைத் தளர்த்தின. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகிர் நிலமாக இருந்த செங்கற்பட்டுப் பகுதியில் 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரிகள் சீரானால்தான் வரி வரும் என்று கண்டு அவற்றைப் பழுதுபார்க்க முனைந்தார். மதுராந்தகம் ஏரிக்கரையை மழை இரவில் இராமரும் இலட்சுமணரும் காத்து நின்றதாக அவருடன் சேர்த்துச் சொல்லப்படும் கதை, ஏரி காத்த ராமர் கோயிலில் இன்றும் வழங்குகிறது.

ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி வாங்கத் தொடங்கியதும், ஏரிப் பராமரிப்புக்கென ஊர் ஒதுக்கி வைத்திருந்த நிலங்களும் தானியப் பங்குகளும் கரைந்தன. 1850களில் பொதுப்பணித் துறை உருவானது. பெரிய ஏரிகளின் கரை, மதகு, கலங்கல் அதன் பொறியாளர்களின் கைக்குப் போயின. சிறு வேலைகள் குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் தலையில் தங்கின. அவர்கள் வராமல் போனபோது 1858இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வெள்ளச் சேதத்தைத் தடுக்க ஆள்களைக் கட்டாயமாக அழைப்பதும், பாசனப் பணிகளுக்கான மரபு உழைப்பைச் சட்டப்படி வாங்குவதும் அதன் நோக்கம். கரை உடையும் நிலையில் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல்வலுவுள்ள ஆண்களை அழைக்க அதிகாரம் அளிக்கப்பட்டது. வராதவர்களுக்குத் தண்டம் உண்டு.

இது பெரிய திருப்பம். பழைய முறையில் ஊரின் ஒரு பகுதியினராவது முடிவெடுத்தார்கள். புதிய முறையில் முடிவு முழுவதும் அலுவலகத்துக்குப் போனது. மண்வெட்டி மட்டும் ஊரில் மிஞ்சியது. கலங்கலின் மட்டத்தைப் பற்றிக் கீழ் ஊர் சொல்ல வேண்டியதைக் கேட்க இடம் இல்லாதபோது, அந்த ஏரிக்காக உழைக்க மனம் வராமல் போனதில் வியப்பில்லை. அதிகாரிகள் இதைக் குடிகளின் சோம்பல் என்று பதிவு செய்தார்கள்.

ஏரிமேல் எழுந்த நகரம்

1639இல் கடலோரக் கோட்டையாகத் தொடங்கிய சென்னை, திருவல்லிக்கேணி, எழும்பூர், புரசைவாக்கம், நுங்கம்பாக்கம் எனச் சுற்றியிருந்த கிராமங்களை ஒவ்வொன்றாகத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. கிராமங்களோடு அவற்றின் ஏரிகளும் வந்தன. தொடக்கத்தில் நகரத்தின் குடிநீர் ஊற்றுகளிலிருந்தே கிடைத்தது. கோட்டைக்கு நீர் தந்த ஏழு கிணறு இன்றும் ஒரு பகுதியின் பெயராக நிற்கிறது. 1870களில் புழல் ஏரி நீர் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டது. குழாய் வந்தபிறகு தெருவோர ஏரியும் குளமும் நகரவாசிக்குத் தேவையற்றவையாகத் தோன்றின. பாசனம் இல்லாத ஏரிக்கு ஆயக்கட்டு இல்லை. ஆயக்கட்டு இல்லாத ஏரிக்குக் கேட்பார் இல்லை.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த நெடும் ஏரியின் கதை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து ஏரியின் நீர் வடிக்கப்பட்டு, மாம்பலம் நகரமைப்புத் திட்டத்தின்கீழ் மனைகள் பிரிக்கப்பட்டன. 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயரால் தியாகராய நகர் எழுந்தது. ஏரியின் நுங்கம்பாக்கப் பகுதியில் பின்னாளில் குடியிருப்புகளும் 1976இல் வள்ளுவர் கோட்டமும் வந்தன. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையும் நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் சாலையும் ஏரி இருந்த இடத்தைப் பெயரால் காட்டுகின்றன. 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றபோது, அந்த நிலம் தன் பழைய பள்ளத்தை நினைவுபடுத்தியது.

விடுதலைக்குப் பிறகும் இந்தப் போக்கு தொடர்ந்தது. வீட்டு வசதி வாரியத்தின் முகப்பேர் ஏரித் திட்டம் தன் பெயரிலேயே ஏரியைச் சுமக்கிறது. வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதி குடியிருப்புகளுக்கும் சாலைகளுக்கும் போனது. 1870களின் தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரணக் கூலிக்கு வந்தவர்களின் கைகளால் வெட்டப்பட்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பக்கிங்காம் கால்வாயின் நகரப் பகுதியில், 1990களில் பறக்கும் ரயில் நிலையங்கள் நின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது: வீடு வேண்டும், ரயில் வேண்டும். சேர்ந்தபோது நீரின் பாதை போனது. அந்தந்தப் பகுதியின் வடிகால் தெரிந்தவர்களை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் பலவற்றுக்கு மாற்று இடம் கிடைத்திருக்கும். வருவாய்ப் பதிவேட்டில் ஏரியும் கால்வாயும் புறம்போக்கு. எல்லோருக்கும் பொதுவான அந்த நிலத்துக்காகப் பேச, திட்டக் கூட்டத்தில் யாரும் இல்லை.

கூரையில் விழும் மழை

குடிநீர்ப் பஞ்சம்தான் நகரவாசிகளை நீரைப் பற்றி மறுபடி யோசிக்கவைத்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணற்பரப்புக்குக் கீழே நன்னீர் மெல்லிய படலமாக உப்புநீர் மேல் மிதக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் அதை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே ஏறும். இதைத் தடுக்க வழி, கூரையில் விழும் மழையை மறுபடி மண்ணுக்குள் அனுப்புவதே. 1990களில் இயற்பியல் பட்டதாரியான சேகர் ராகவன் பெசன்ட் நகர்ப் பகுதியில் வீடு வீடாகச் சென்று இதை எடுத்துச் சொன்னார். 2002இல் ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் மழை மையம் திறக்கப்பட்டது. எவரும் நேரில் போய் மாதிரிகளைப் பார்த்து, தம் வீட்டுக்கு ஏற்ற முறையைக் கேட்டறியும் இடமாக அது அமைந்தது.

வேலை எளியது. கூரையிலிருந்து இறங்கும் குழாய் ஒரு தொட்டியில் வந்து சேரும். அங்கே கூழாங்கல்லும் மணலும் குப்பையைப் பிடித்துக்கொள்ளும். வடிந்த நீர் பழைய கிணற்றில் விழும். கிணறு இல்லாவிட்டால் உறைகள் இறக்கிய கசிவுக் குழிக்குப் போகும். மணற்பாங்கான கடலோரத்தில் ஆழம் குறைந்த குழி போதும். களிமண் படிந்த மேற்குப் பகுதிகளில் களிமண் அடுக்கைத் தாண்டி மணல் தட்டும்வரை துளையிட வேண்டும். இந்த வேறுபாட்டைக் கிணறு வெட்டுபவர் அறிவார். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவை எழுதிய உத்தரவு அறியாது.

2003இல் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆகஸ்ட் 31 என்று கெடு வைத்தது. அமைக்காவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்றும் எச்சரித்தது. நாட்டிலேயே முன்னோடியான இந்தச் சட்டத்தால் நகரெங்கும் குழாய்கள் இறங்கின. 2005இன் பெருமழைக்குப் பிறகு பல தெருக்களில் கிணற்று நீர் மட்டம் உயர்ந்தது. ஆனால் கெடுவுக்குப் பயந்து அவசரத்தில் தோண்டிய குழிகள் பல பெயரளவுக்கே இருந்தன. ஆண்டுதோறும் மழைக்கு முன் தொட்டி மணலைக் கழுவிப் போட வேண்டும் என்பதைச் சொல்ல ஆளில்லாத இடங்களில், சில ஆண்டுகளில் குழிகள் அடைத்துக்கொண்டன. குடியிருப்போர் சங்கங்கள் பொறுப்பெடுத்த இடங்களில் அவை நிலைத்தன.

சதுப்பும் ஏரியும் காத்தவர்கள்

தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரி வந்து தங்கும் இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் அதில் இறங்குகிறது. 1960களில் ஆயிரக்கணக்கான எக்டேராக இருந்த சதுப்பு, நூற்றாண்டின் இறுதிக்குள் சில நூறு எக்டேராகச் சுருங்கியது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு வளர்ந்தது; மறுபக்கம் தகவல் தொழில்நுட்பச் சாலையின் கட்டடங்கள் எழுந்தன. புகையையும் நாற்றத்தையும் முகர்ந்த சுற்றுவட்டாரக் குடியிருப்போரே முதலில் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். அவர்கள் மனுக் கொடுத்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள்; ஆய்வாளர்களும் பறவை ஆர்வலர்களும் வலசைப் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2007இல் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 எக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் வந்து சேர்ந்தது. அதே கோடையில் தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில், வறண்டு கிடந்த ஏரிக்குள் குடியிருப்போர் விடுமுறை நாள்களில் இறங்கிப் பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கினார்கள், மண்வெட்டியோடு தூர்வாரினார்கள். அதன் பிறகு அரசு ஏரியைச் சீரமைக்க நிதி ஒதுக்கியது. முதலில் கை, பிறகு கோப்பு என்ற இந்த வரிசை சென்னையில் பலமுறை நடந்திருக்கிறது. அதற்கு முன்பே, 2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கி, பணிகளைப் பாசனதாரர் சங்கங்கள் வழியே செய்யலாம் என்று வகுத்தபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை அவர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்றது. பாசனமே இல்லாத நகர ஏரிக்குச் சங்கம் எது என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் விடையில்லை.

கடலோரக் குப்பங்கள்

நகரத்தின் மூத்த குடிகளான மீனவர்கள் கடற்கரையின் மாற்றத்தை அலுவலகங்களுக்கு முன்பே கண்டவர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டப்பட்டபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அங்கே குப்பங்கள் பின்வாங்கின, கல் கொட்டப்பட்டது, அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்தது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரிக்கும் மீனவருக்கு, எந்தக் காற்றில் எந்தப் பக்கம் மணல் ஓடும், முகத்துவாரம் எப்போது அடைபடும் என்பது அன்றாட அறிவு. அடையாறு, எண்ணூர் முகத்துவாரங்கள் திறந்திருந்தால்தான் வெள்ளம் வடியும். ஆகையால் இந்த அறிவு நகரம் முழுவதற்கும் பயன்படுவது.

எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடானபோது, அதை அளந்து சொன்னவர்களும் அங்கே வலை வீசியவர்களே. மீனவர் ஒருவர் 2016இல் தொடுத்த வழக்கில், 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து வந்தபோது, எண்ணூர் மீனவர்கள் தங்கள் படகுகளில் நின்று, கையாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளி டிரம்களில் நிரப்பினார்கள். ஆபத்தான வேலைக்கு அவர்கள் உடனே தேவைப்பட்டார்கள். அந்தக் கழிமுகத்தைச் சுற்றி என்ன அமைய வேண்டும் என்று தீர்மானித்த காலங்களில் அவர்கள் தேவைப்படவில்லை.

2015: வெள்ளமும் வெளியேற்றமும்

1943, 1976, 1985, 2005 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களைச் சென்னை நினைவில் வைத்திருந்தது. 2015 அவற்றை மிஞ்சியது. நவம்பர் மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. டிசம்பர் 1 முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீர் 29,000 கன அடியை எட்டியது. ஏரிக்குக் கீழே வந்து சேர்ந்த மழைநீரும் அதோடு கூடியதால் அடையாறு இரு கரையும் தாண்டியது. முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கின. மாநிலம் முழுவதும் 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை பின்னர் சொன்னது.

அந்த நாள்களில் மீனவர்கள் லாரிகளில் படகை ஏற்றிவந்து தெருக்களில் ஆள்களை மீட்டார்கள். இளைஞர்கள் சமையற்கூடங்களை நடத்தினார்கள். தன்னார்வலர்கள் இணையத்தில் திறந்த வரைபடம் ஒன்றை வைத்து, நீர் நிற்கும் தெருக்களைக் குறிக்கும்படி கேட்டார்கள். ஆயிரக்கணக்கான தெருக்கள் குறிக்கப்பட்டன. எந்தத் தெரு தாழ்வு, எந்தச் சிறுபாலம் அடைப்பு என்பதைக் குடியிருப்போர் கையால் வரைந்த பெரிய வரைபடம் அது. எந்த வடிகால் திட்டத்துக்கும் அடிப்படையாக அமையக்கூடிய தரவு நாள்கணக்கில் திரண்டது.

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடிசைகளை அகற்றும் பணி வேகம் பிடித்தது. அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. வெள்ள அபாயத்திலிருந்து காப்பதே காரணம் என்று சொல்லப்பட்டது. ஆனால் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய தாழ்நிலங்கள். மழைக்காலத்தில் அங்கேயும் நீர் சூழ்கிறது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்களுக்கு வேலை தொலைவானது. பிள்ளைகளுக்குப் பள்ளி தொலைவானது. அதே ஆற்றங்கரைகளில் பெரிய கட்டடங்கள் அசையாமல் நின்றன. எங்கே போக விரும்புகிறீர்கள், எந்த மாதத்தில் மாறினால் பிள்ளைகளின் படிப்பு கெடாது என்று முன்கூட்டிக் கேட்டிருந்தால் இந்தத் துயரத்தில் பாதியைத் தவிர்த்திருக்கலாம்.

திட்டங்களின் காலம்

2014இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் 100 மீள்திறன் நகரங்கள் வரிசையில் சென்னை சேர்க்கப்பட்டது. 2019இல் நகரத்துக்கான மீள்திறன் உத்தி வெளியானது. நெதர்லாந்து அரசின் ஆதரவில் 2018இல் தொடங்கிய திட்டத்தில், ஆயிரம் குளங்களின் நகரம் என்ற யோசனை உருவானது. கோயில் குளம், ஏரி, கசிவுக்குழி ஆகியவற்றை இணைத்து மழையைத் தேக்கும் பழைய முறைக்குப் புதிய வடிவம் கொடுப்பது அதன் மையம். இவற்றில் மக்களோடு கலந்துரையாடல்கள் நடந்தன. ஆனால் இந்த ஆண்டுகளின் பெரும்பகுதியில் சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. வறட்சியும் கொரோனாவும் 2021இன் வெள்ளமும் கவுன்சிலர் இல்லாத வார்டுகளில் வந்துபோயின. மேசையில் கருத்துக் கேட்டவர்களுக்கு நிறைவேற்றும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர்கள் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாக இல்லை.

2022 செப்டம்பரில் மாநகராட்சி தன் காலநிலைச் செயல்திட்ட வரைவை வெளியிட்டது. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் அளவிலான வெள்ளத்தில் நகரத்தின் 29 சதவீதப் பரப்பு மூழ்கக்கூடும் என்று கணித்த முக்கியமான ஆவணம் அது. வரைவு முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது; கருத்துச் சொல்லக் கொடுத்த காலமும் குறுகியது. குடிசைப் பகுதி மக்களும் மீனவர்களும் படிக்க முடியாத திட்டத்தில் அவர்களின் கருத்து எப்படி வரும் என்று சமூக அமைப்புகள் கேட்டன. அதன் பிறகே தமிழ் வடிவமும் கூடுதல் அவகாசமும் கிடைத்தன. 2023 ஜூனில் இறுதித் திட்டம் வெளியானது. அடுத்த மாஸ்டர் பிளானுக்காகப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தொடக்கத்திலேயே பொதுமக்களின் விருப்பங்களைக் கேட்டு ஆய்வு நடத்தியது நல்ல முன்னேற்றம்.

அமைப்பு ரீதியான மாற்றமும் தாமதமாகவே வந்தது. மூன்று இலட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 1992இன் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் சொன்னது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் 2022இல் வகுக்கப்பட்டன. சென்னையின் 200 வார்டுகளில் ஒவ்வொன்றையும் சிறு பகுதிகளாகப் பிரித்து, வாக்காளர் எல்லோரும் வரக்கூடிய சபைகள் கூட்டப்பட்டன. கால்வாய் அடைப்பு, மழைநீர் வடிகாலில் கலக்கும் கழிவுநீர், தெருவிளக்கு என்று மக்கள் அங்கே பேசத் தொடங்கினார்கள். பத்தாம் நூற்றாண்டின் வாரியத்தில் நுழைய முடியாத பெண்களும் நிலமற்றோரும் இந்தச் சபையில் உரிமையோடு அமர்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் இல்லாத நீதி இது. ஆனால் பழைய ஏரி வாரியத்துக்கு நிலமும் பொன்னும் கணக்கும் இருந்தன. பகுதி சபையிடம் இருப்பது கோரிக்கை மனு மட்டுமே. வார்டு குழு உறுப்பினர்களும் நியமனத்தின் மூலமே வருகிறார்கள்.

வரலாறு தரும் அளவுகோல்

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து மக்கள் பங்கேற்பை அளக்கச் சில தெளிவான கேள்விகள் கிடைக்கின்றன. முதலாவது, எப்போது கேட்கிறார்கள் என்பது. வடிகாலின் வரைபடம் முடிந்தபின் கேட்கும் கருத்து, 1858இன் சட்டம் வாங்கிய உழைப்பைப் போலவே முடிவைத் தொடாதது. இரண்டாவது, எந்த மொழியில் கேட்கிறார்கள் என்பது. மூன்றாவது, யாரைக் கேட்கிறார்கள் என்பது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்குக் கேட்கும் குரல் உண்டு. ஆற்றோரக் குடிசைக்கும் குப்பத்துக்கும் அது தானாகக் கிடைப்பதில்லை. நான்காவது, கேட்டபின் பணமும் கணக்கும் யாரிடம் இருக்கின்றன என்பது.

கடல் உயரும், மழை ஒரே நாளில் கூடுதலாகப் பெய்யும், கோடை நீளும் என்பது இன்று உறுதியாகத் தெரிகிறது. இவற்றுக்கு ஈடுகொடுக்கும் வேலைகளில் பெரும்பாலானவை தெரு அளவில் நடக்க வேண்டியவை: ஒரு சிறுபாலத்தின் அடைப்பை நீக்குவது, ஒரு குளத்துக்கு வரத்துக்கால்வாயை மீட்பது, வெள்ளத்தின்போது ஒரு குடியிருப்பின் மக்களை எந்தப் பள்ளியில் தங்கவைப்பது என்று மழைக்குமுன் முடிவு செய்வது. இவற்றைச் செய்ய மக்கள் பெரும்பாலும் தயங்கியதில்லை. ஏரி வாரியத்தின் காலத்திலிருந்து எண்ணூர்ப் படகுகள் வரை அவர்களின் கை அங்கே இருந்திருக்கிறது. பகுதி சபைக்குச் சொந்தமாக நிதி கிடைத்து, வடிகால் வரைபடங்கள் அதன் ஒப்புதலுக்குத் தமிழில் வந்து, ஏரியின் கலங்கல் மட்டம் மேல் தெருவும் கீழ் தெருவும் கூடிப் பேசி முடிவாகும் நிலை உருவானால், உழைப்பும் முடிவும் சென்னையில் முதன்முறையாக எல்லோருக்கும் உரியனவாக ஒன்றுசேரும்.